குமுளி இறக்கத்தில் ஓர் ஆற்றல் வரைபடம்

குமுளியிலிருந்து கம்பத்துக்கு இறங்குகிற பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தால், மலைச்சரிவில் நான்கு தடித்த குழாய்கள் இறங்குவதைப் பார்க்கலாம். தேக்கடிப் பக்கம் தேங்கி நிற்கும் பெரியாற்றுத் தண்ணீர் மலையைக் குடைந்த சுரங்கத்தில் புகுந்து கிழக்கே வந்து, அந்தக் குழாய்கள் வழியாக லோயர் கேம்ப் மின்நிலையத்துக்கு இறங்குகிறது. அங்கே மின்சாரத்தைக் கொடுத்துவிட்டு அப்புறம் வயலுக்குப் போகிறது. பென்னிகுயிக் அணையைக் கட்டி முடித்தது 1895-ல். மின்நிலையம் வந்தது அதற்கு அரை நூற்றாண்டுக்கு மேல் கழித்து. அதுவரை அவ்வளவு உயரத்திலிருந்து இறங்கிய தண்ணீர், தன்னிடமிருந்த ஆற்றலைப் பாறையில் மோதி மோதியே தீர்த்துக்கொண்டிருந்தது.

நான் கூடலூரில் டியூஷன் எடுக்கிறேன். தேனி மாவட்டத்துக் கூடலூர். ஊட்டிப் பக்கத்துக் கூடலூர் இல்லை. என்னிடம் வரும் பிள்ளைகளில் சிலர் குமுளியிலிருந்து இறங்கி வருகிறவர்கள். இங்கே படிக்கிறவர்கள் நிலை ஆற்றல், இயக்க ஆற்றல் என்கிறார்கள். மலையாளத்தில் படித்த பிள்ளை ஸ்திதிகோர்ஜம், கதிகோர்ஜம் என்கிறது. எந்தப் பெயரில் படித்தாலும் எல்லோரும் தடுக்கி விழுகிற இடம் ஒன்றுதான். சூத்திரம் மனப்பாடமாக வரும், கணக்கும் போட்டுவிடுவார்கள். 'இதை வரைபடமாக வரை' என்றதும் பேனா நின்றுவிடும்.

முதலில் சூத்திரத்தை முடித்துவிடுவோம். உயரத்தில் இருப்பதால் ஒரு பொருளிடம் இருப்பது நிலை ஆற்றல். நிறை, ஈர்ப்பு முடுக்கம், உயரம் மூன்றையும் பெருக்கினால் அது கிடைக்கும். ஈர்ப்பு முடுக்கம் 9.8, கணக்கு இலேசாக வர இங்கே 10 என்றே வைத்துக்கொள்கிறேன். ஓடுவதால் இருப்பது இயக்க ஆற்றல். நிறையை வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கி அதில் பாதி எடுக்க வேண்டும். காற்று, உராய்வு போன்றவை குறுக்கே வராதவரை இந்த இரண்டின் கூட்டுத்தொகை மாறாது. இதுதான் ஆற்றல் அழிவின்மை விதி இந்த இடத்தில் சொல்வது. நிலை ஆற்றல் என்று நாம் சொல்வதற்கு ஆங்கிலத்தில் பெயர் சூட்டியவர் ராங்கின் என்ற ஸ்காட்லாந்துப் பொறியாளர், 1853-ல்.

சரி, தாளை எடுங்கள். ஒரு தேங்காய், 2 கிலோ, மட்டையோடு. 20 மீட்டர் உயர மரத்திலிருந்து விழுகிறது. மேலே இருக்கும்போது நிலை ஆற்றல் 2 × 10 × 20, அதாவது 400 ஜூல். இயக்க ஆற்றல் பூஜ்யம். 15 மீட்டர் உயரத்துக்கு இறங்கும்போது நிலை ஆற்றல் 300. மீதி 100 எங்கே போயிற்று? இயக்க ஆற்றலாக மாறிவிட்டது. 10 மீட்டரில் இரண்டும் 200, 200. 5 மீட்டரில் 100-ம் 300-ம். தரையைத் தொடுகிற கணத்தில் நிலை ஆற்றல் பூஜ்யம், இயக்க ஆற்றல் 400.

கிடை அச்சில் உயரம், செங்குத்து அச்சில் ஜூல் என்று போட்டுப் புள்ளிகளை வையுங்கள். நிலை ஆற்றல் மூலையிலிருந்து கிளம்பி மேலேறும் நேர்கோடு. இயக்க ஆற்றல் 400-ல் தொடங்கி இறங்கும் நேர்கோடு. மொத்த ஆற்றல் 400-ல் படுக்கையாக ஓடும் கோடு. மூன்றும் நேர்கோடுகள், பெருக்கல் குறி மாதிரி ஒரு படமும் அதன் தலையில் ஒரு உத்தரமும்.

இந்தப் படத்தில் ஒரு வேடிக்கை உண்டு. தேங்காய் 20 மீட்டரில் கிளம்புவதால் கதை தாளின் வலது ஓரத்தில் தொடங்கி இடது பக்கம் நகர்கிறது. நாம் இடமிருந்து வலமாகப் படித்துப் பழகியவர்கள். அதனால் பாதிப் பிள்ளைகள் 'விழும்போது இயக்க ஆற்றல் குறைகிறது' என்று எழுதிவிடுவார்கள், படம் சரியாக இருந்தும்கூட. எந்த வரைபடத்தைப் பார்த்தாலும் கோட்டைப் பார்க்கும் முன்னால் கிடை அச்சில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். அதைப் பார்க்காமல் கோட்டைப் படிப்பது, பஸ்ஸின் போர்டைப் பார்க்காமல் ஏறுகிற மாதிரி. இந்தப் பக்கத்தில் அப்படி ஏறினால் குமுளிக்குப் பதில் கம்பம்மெட்டில் போய் நிற்க வேண்டியதுதான்.

இதைச் சொல்ல எனக்கு அருகதை இருக்கிறது. பதினொன்றாம் வகுப்பு அரையாண்டுத் தேர்வில் இதே கேள்வி வந்தது. ஒரே வித்தியாசம், கிடை அச்சில் உயரத்துக்குப் பதில் நேரம். நான் கவனிக்கவே இல்லை. அதே பெருக்கல் குறியை அழகாக, ஸ்கேல் வைத்து வரைந்துவிட்டு வந்தேன். ஐந்து மதிப்பெண் கேள்வி, கிடைத்தது மொத்த ஆற்றல் கோட்டுக்கான ஒன்று.

நேரத்தை வைத்தால் படம் எப்படி மாறுகிறது என்று பாருங்கள். 20 மீட்டர் விழ 2 வினாடி ஆகும். முதல் அரை வினாடியில் தேங்காய் 1.25 மீட்டர்தான் இறங்கியிருக்கும். நிலை ஆற்றல் 375, இயக்க ஆற்றல் வெறும் 25. ஒரு வினாடியில் 300-ம் 100-ம். ஒன்றரை வினாடியில் 175-ம் 225-ம். இரண்டு வினாடி முடியும்போது 0-வும் 400-ம். புள்ளிகளை இணைத்தால் நேர்கோடு வராது. நிலை ஆற்றல் முதலில் மெதுவாகச் சாய்ந்து, போகப்போகச் செங்குத்தாக இறங்கும் வளைவு, அதாவது பரவளையத்தின் ஒரு பாதி. இயக்க ஆற்றல் அதையே தலைகீழாகக் கவிழ்த்த வளைவு. மொத்த ஆற்றல் மட்டும் அசையாமல் 400-லேயே படுத்திருக்கும்.

இரண்டு வளைவும் சந்திக்கும் இடம் எங்கே? உயரத்தை வைத்து வரைந்தபோது சரிபாதியில், 10 மீட்டரில் சந்தித்தன. நேரத்தை வைத்தால் ஒரு வினாடியில் சந்திக்கும் என்று தோன்றும். சந்திப்பது 1.41 வினாடியில். அதாவது ஆற்றலில் முதல் பாதி மாறுவதற்கு ஏறக்குறைய ஒன்றரை வினாடி, மறு பாதி மாறுவதற்கு அரை வினாடிக்குச் சற்று அதிகம். வேகத்திலும் இதே கதைதான். தரையில் வேகம் வினாடிக்கு 20 மீட்டர். பாதி உயரத்தில் 10 இருக்கும் என்றுதானே நினைப்போம்? 14 இருக்கும். இயக்க ஆற்றலில் வேகத்தின் வர்க்கம் உட்கார்ந்திருப்பதால் வந்த வினை இது. அந்த வர்க்கம் வேண்டுமா வேண்டாமா என்பதே ஒரு காலத்தில் ஐரோப்பாவில் பெரிய சண்டை. ஹாலந்தைச் சேர்ந்த ஸ்கிராவசாண்ட் பித்தளை உருண்டைகளை மெத்தென்ற களிமண்ணில் விழவிட்டுப் பார்த்தார். வேகம் இரண்டு மடங்கானால் களிமண்ணில் விழுந்த பள்ளம் நாலு மடங்கானது. பிரெஞ்சுக்காரரான எமிலி து ஷாட்லே 1740-ல் எழுதிய இயற்பியல் நூலில் வர்க்கத்தின் பக்கம் நின்று வாதாடினார்.

வினாடிக்கு 20 மீட்டர் என்றால் மணிக்கு 72 கிலோமீட்டர். தென்னந்தோப்பில் பாயைப் போட்டுப் படுக்கிறவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

இனிமேல்தான் எனக்குப் பிடித்த பகுதி. தேங்காய் நேராகக் கீழே வருகிறது, அதில் சுவாரசியம் குறைவு. ஊஞ்சலுக்குப் போவோம். ஓணத்துக்கு மேலே மலையில் பலாக் கிளையில் கயிறு போட்டுக் கட்டுகிற ஊஞ்சல். கயிறு 4 மீட்டர். அதில் 25 கிலோ எடையுள்ள ஒரு சிறுமி. அண்ணன்காரன் அவளைப் பின்னால் இழுத்து, 0.8 மீட்டர் உயரத்துக்குக் கொண்டுபோய் விடுகிறான். தள்ளவில்லை, சும்மா விடுகிறான். நிலை ஆற்றல் 25 × 10 × 0.8, சரியாக 200 ஜூல். அடியில் வரும்போது அது முழுவதும் இயக்க ஆற்றல், வேகம் வினாடிக்கு 4 மீட்டர். அப்புறம் மறுபக்கம் அதே 0.8 மீட்டர்.

இப்போது கிடை அச்சில் நேரமும் வேண்டாம், உயரமும் வேண்டாம். நடுவிலிருந்து பக்கவாட்டில் எவ்வளவு தூரம் விலகியிருக்கிறாள் என்பதைப் போடுங்கள். நடுவில் பூஜ்யம், வலப்பக்கம் 2.4 மீட்டர், இடப்பக்கம் 2.4 மீட்டர். அந்த ஓரங்களில்தான் உயரம் 0.8 ஆகிறது. இந்த அச்சில் நிலை ஆற்றலை வரைந்தால் கிடைப்பது ஒரு வட்டிலின் வடிவம். அதை எங்கேயோ பார்த்த மாதிரி இருக்கும். ஊஞ்சல் பலகை காற்றில் போடுகிற அதே வளைவுதான் அது! நிலை ஆற்றல் உயரத்தைப் பின்தொடர்கிறது; எனவே தூரத்தைக் கிடையாக வைத்தால் வரைபடம் பாதையின் படமாகவே ஆகிவிடுகிறது. குமுளி மலைச்சாலைக்கு இப்படி வரைந்தால் தாளில் வருவது மலையின் பக்கவாட்டுத் தோற்றம்தான், அளவு மட்டும் ஜூலில் இருக்கும்.

அந்த வட்டிலின் மேல் 200 ஜூலில் ஒரு படுக்கைக் கோடு போடுங்கள். அது மொத்த ஆற்றல். அவ்வளவுதான், படம் முடிந்தது. இயக்க ஆற்றலை வரைய வேண்டியதே இல்லை. கோட்டுக்கும் வட்டிலுக்கும் நடுவில் இருக்கிற இடைவெளிதான் இயக்க ஆற்றல். நடுவில் இடைவெளி 200, அங்கே வேகம் அதிகம். ஓரத்தில் கோடும் வளைவும் ஒட்டிக்கொள்கின்றன, இடைவெளி பூஜ்யம், அங்கே சிறுமி ஒரு கணம் நிற்கிறாள். பாதித் தூரத்தில், 1.2 மீட்டரில் என்ன? அங்கே நிலை ஆற்றல் சுமார் 46 ஜூல்தான். இடைவெளி 154. வேகம் வினாடிக்கு மூன்றரை மீட்டர். பாதி வழிக்குள்ளேயே உச்ச வேகத்தில் பெரும்பகுதி வந்துவிடுகிறது. வயிற்றில் 'ஜிவ்'வென்று இழுக்கிறது என்று பிள்ளைகள் சொல்வார்களே, அதற்கு முன்னால் நடப்பது இது.

கோடு வளைவை வெட்டுகிற இடத்துக்கு அப்பால் போக முடியுமா? 2.4-க்கு வெளியே வட்டில் கோட்டுக்கு மேலே ஏறிவிடுகிறது. அங்கே போக வேண்டுமானால் நிலை ஆற்றல் 200-ஐத் தாண்ட வேண்டும், இயக்க ஆற்றல் பூஜ்யத்துக்குக் கீழே போக வேண்டும். வேகத்தின் வர்க்கம் எப்படிக் கழித்தல் எண் ஆகும்? ஆகாது. அதனால் அந்த வெட்டுப்புள்ளி ஒரு வேலி. ஊஞ்சல் அங்கே திரும்பியே தீர வேண்டும். அண்ணன்காரன் இன்னும் மேலே, 1.2 மீட்டர் உயரத்துக்கு இழுத்து விட்டால் கோடு 300-க்கு ஏறும், வேலி 2.86 மீட்டருக்குத் தள்ளிப்போகும். வட்டிலைத் தொட வேண்டியதில்லை, கோட்டை மட்டும் ஏற்றி இறக்கினால் போதும்.

வளைவின் சரிவையும் கவனிக்கலாம். எங்கே செங்குத்தாக இருக்கிறதோ அங்கே நடுவை நோக்கி இழுக்கும் விசை பலமாக இருக்கிறது. அடியில் வளைவு சமதளம், அங்கே பக்கவாட்டு இழுப்பே இல்லை. ஆள் இல்லாத ஊஞ்சல் எப்போதும் அங்கேதான் தொங்குகிறது.

ஒருமுறை குமுளிப் பையன் ஒருவன் கேட்டான்: "சார், உயரத்தை எங்கிருந்து அளக்கணும்? எங்க ஊருக்கு உங்க ஊரு பள்ளத்துல இருக்கு." நல்ல கேள்வி. ஊஞ்சல் பலகை அடியில் வரும்போதும் தரையிலிருந்து அரை மீட்டர் மேலே இருக்கிறது என்று வையுங்கள். தரையைப் பூஜ்யமாக எடுத்தால் எல்லா இடத்திலும் நிலை ஆற்றல் 125 ஜூல் கூடும். வட்டில் அப்படியே 125 மேலே ஏறும். மொத்த ஆற்றல் கோடும் 125 ஏறி 325-ல் நிற்கும். இரண்டும் சேர்ந்து ஏறுவதால் இடைவெளி மாறுவதில்லை. அடியில் அதே 200, அதே வேகம். குமுளி பஸ் ஸ்டாண்டைப் பூஜ்யமாக வைத்தால் லோயர் கேம்ப்பில் நிற்கும் ஜீப்பின் நிலை ஆற்றல் கழித்தலில் வரும். வரட்டும். நிலை ஆற்றல் கழித்தலாக இருக்கலாம், இயக்க ஆற்றல்தான் இருக்கக் கூடாது.

ஜீப் என்று சொன்னதும் இதுவரை ஒதுக்கி வைத்த உராய்வைக் கூப்பிட வேண்டியதாகிறது. கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து விடியற்காலையில் ஏலத்தோட்ட வேலைக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு ஜீப்புகள் மலையேறும், சாயங்காலம் இறங்கும். ஆட்களோடு சேர்த்து ஒரு ஜீப் 2,000 கிலோ, இறங்குகிற உயரம் 400 மீட்டர் என்று கணக்குக்காக வைத்துக்கொள்வோம். நிலை ஆற்றல் 80 லட்சம் ஜூல். உராய்வு இல்லாத உலகமாக இருந்தால் அடிவாரத்தில் அதன் வேகம் வினாடிக்கு 89 மீட்டர், மணிக்கு 320 கிலோமீட்டர். கொண்டை ஊசி வளைவில் அந்த வேகத்தை நினைத்துப் பாருங்கள்.

உண்மையில் டிரைவர் மணிக்கு 36 கிலோமீட்டரில் நிதானமாக இறக்குகிறார். அப்போது இயக்க ஆற்றல் 1 லட்சம் ஜூல். மேலேயும் 1 லட்சம், கீழேயும் 1 லட்சம். வரைபடத்தில் நிலை ஆற்றல் 80 லட்சத்திலிருந்து பூஜ்யத்துக்கு இறங்குகிறது, இயக்க ஆற்றல் அடியில் நூல் மாதிரி ஒட்டிக் கிடக்கிறது, ஏறவே இல்லை. இரண்டையும் கூட்டினால் கோடு படுக்கையாக இல்லை, சரிகிறது. 'விதி பொய்த்துவிட்டதா சார்?' என்று யாராவது கேட்பார்கள். மூன்றாவதாக ஒரு கணக்கைத் திறக்க வேண்டும்: வெப்பம். பூஜ்யத்தில் தொடங்கி 80 லட்சம் வரை ஏறும் கோடு அது. மூன்றையும் கூட்டிப் பாருங்கள், மொத்தம் மறுபடியும் படுக்கையாகிவிடும்.

80 லட்சம் ஜூல் எவ்வளவு சூடு? 30 டிகிரியில் இருக்கும் தண்ணீர் 27 லிட்டரைக் கொதிநிலைக்குக் கொண்டுபோகும் அளவு, ஏறக்குறைய இரண்டு குடம். இவ்வளவும் பிரேக்கில் இறங்கினால் லைனிங் கருகும். இறக்கத்தில் முன்னால் போகிற லாரியிடமிருந்து வருமே ஒரு வாடை, அதுதான். பழகிய டிரைவர்கள் ஏறின கியரிலேயே இறங்கு என்பார்கள். கீழ் கியரில் எஞ்சின் வண்டியைப் பிடித்துக்கொள்ளும்; சூட்டில் பெரும்பங்கு எஞ்சின் பக்கம் போய்விடும், பிரேக் தப்பிக்கும்.

இதே பக்கத்தில் சுருளி அருவியும் இருக்கிறது. அங்கே விழும் தண்ணீருக்கும் இதே கதிதான். விழுந்து, தெறித்து, குட்டையில் அடங்கும்போது நிலை ஆற்றல் கடைசியில் வெப்பமாகிறது. அருவியின் அடித்தண்ணீர் மேல்தண்ணீரைவிடக் கொஞ்சம் சூடாக இருக்க வேண்டும் என்று ஜூல் சொன்னார்; ஆற்றலின் அலகுக்குப் பெயர் கொடுத்த அதே ஜூல். கணக்குப்படி 42 மீட்டர் விழுந்தால் பத்தில் ஒரு டிகிரி. குளிக்கிறவனுக்கு எங்கே தெரியப்போகிறது, அவனுக்குப் பல் கிடுகிடுக்கும்.

நான்கு குழாய்களில் வரும் தண்ணீரைப் பற்றியும் ஒரு வார்த்தை. அது தேங்காய் மாதிரி இறங்க இறங்க வேகம் கூட்டிக்கொண்டு போகும் என்று நினைக்காதீர்கள். குழாய் முழுக்கத் தண்ணீர் நிரம்பியிருப்பதால், ஒரே அகலமுள்ள குழாயில் மேலேயும் கீழேயும் வேகம் ஒன்றுதான். குறைகிற நிலை ஆற்றல் அழுத்தமாகச் சேர்ந்து, டர்பைனைச் சுற்றும்போது வெளியே வருகிறது. இதையும் வரைந்தால் ஜீப்பின் படம் மாதிரியே இருக்கும், வெப்பத்தின் இடத்தில் பெரும்பாலும் அழுத்தம் உட்கார்ந்திருக்கும்.

திரும்ப ஊஞ்சலுக்கு வாருங்கள். அண்ணன்காரன் விட்டுவிட்டுப் போய்விட்டான். காற்றும் கிளையில் உராயும் கயிறும் ஒவ்வோர் ஆட்டத்திலும் கொஞ்சம் ஆற்றலைத் திருடுகின்றன. படத்தில் வட்டில் அப்படியே இருக்கிறது, கோடு மட்டும் 200, 190, 180 என்று இறங்குகிறது. வேலிகள் இரண்டும் நடுவை நோக்கி நெருங்குகின்றன. கோடு வட்டிலின் அடியைத் தொட்டால் ஊஞ்சல் நின்றுவிடும்.

ஆனால் அந்தச் சிறுமி சும்மா உட்கார்ந்திருக்க மாட்டாள். எழுந்து நின்று, ஓரத்தில் முழங்காலை மடக்கி, அடியில் வரும்போது உந்தி நிமிர்ந்து ஆடுவாள். அப்போது கோடு மெல்ல மேலே ஏறும், யாரும் தள்ளாமலே. ஏறிய ஜூல் எங்கிருந்து வந்தது என்று வகுப்பில் கேட்டால் எல்லோரும் முழிப்பார்கள். குமுளிப் பையன்தான் சொன்னான்: "காலையில தின்ன புட்டும் கடலையும் சார்."